ஒரு இன்சுலின் குப்பி, ஒரு பென்சில்: புரதத்திலிருந்து டிஎன்ஏ வரை

பி.ஃபார்ம் இரண்டாம் செமஸ்டரில் உயிர்வேதியியல் வந்ததும் பாதிப் பேர் செய்கிற முதல் காரியம், புரதங்களைக் கட்டும் துண்டுகளான இருபது அமினோ அமிலங்களையும் நோட்டில் வரைந்து மனப்பாடம் செய்வது. நானும் அதைத்தான் செய்தேன். தேர்வு முடிந்த மறுவாரமே கிளைசினைத் தவிர எல்லாம் மறந்துபோனது. கிளைசின் மட்டும் தங்கியதற்குக் காரணம், அதில் மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லை. பிறகு மருந்துக் கடை கவுண்டரில் நின்று வகைவகையான இன்சுலினை எடுத்துக் கொடுத்துக் கொண்டிருந்தபோதுதான், ஒன்று ஏன் கலங்கலாக இருக்கிறது, இன்னொன்று ஏன் தெளிவாக இருந்தும் நாள் முழுக்க வேலை செய்கிறது என்று யோசிக்கப் போய், விட்டுப்போன பாடம் மொத்தமும் அந்தக் குப்பிக்குள்ளேயே கிடப்பதைப் பார்த்தேன்.

அதனால் இங்கே ஒரே மூலக்கூறை மட்டும் எடுத்துக்கொள்வோம். இன்சுலின் சின்னது, 51 அமினோ அமிலங்கள்தான். முழு வரிசையும் முதன்முதலில் கண்டறியப்பட்ட புரதமும் இதுதான்; கேம்பிரிட்ஜில் ஃபிரெடெரிக் சாங்கர் அதைச் செய்து 1958இல் வேதியியல் நோபல் வாங்கினார். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

படி 1: இருபதையும் வரையாதீர்கள், நான்கு குவியலாகப் பிரியுங்கள்

அமினோ அமிலத்தின் நடுவில் ஒரு கார்பன். அதற்கு நான்கு கை. ஒன்றில் அமினோ தொகுதி, ஒன்றில் கார்பாக்சில் தொகுதி, ஒன்றில் ஹைட்ரஜன், நான்காவதில் பக்கச்சங்கிலி. முதல் மூன்றும் எல்லாவற்றுக்கும் பொது. புரோலின் மட்டும் தன் பக்கச்சங்கிலியை வளைத்துக் கொண்டுபோய்த் தன் அமினோ தொகுதியையே பிடித்துக்கொள்ளும் முரண்டு. ஆக, வித்தியாசம் எல்லாம் நான்காவது கையில்தான், அங்கேயும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இதற்குத் தண்ணீர் பிடிக்குமா?

லூசின், ஐசோலூசின், வாலின், ஃபினைல்அலனின் போன்றவை எண்ணெய் மாதிரி, தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். செரின், திரியோனின், அஸ்பராஜின், குளூட்டமின் தண்ணீரோடு சேரும், ஆனால் மின்சுமை கிடையாது. அஸ்பார்டிக் அமிலம், குளூட்டமிக் அமிலம் இரண்டும் ரத்தத்தின் பிஹெச்சில் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறைந்தால் அமிலம் அதிகம்), அதாவது 7.4இல், மைனஸ் ஒன்று. லைசினும் ஆர்ஜினினும் பிளஸ் ஒன்று. ஹிஸ்டிடின் ஒரு இரண்டுங்கெட்டான்: பிஹெச் 6ஐ ஒட்டி மாறும், அதற்கு மேலே பெரும்பாலும் சுமையில்லாமலும் கீழே போனால் பிளஸ்ஸாகவும் இருக்கும். சிஸ்டீனைத் தனியாக எடுத்து வையுங்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

இந்தப் பிரிவினை மனதில் இருந்தால் மீதியை ஓட்டிவிடலாம். அமைப்பை வரையச் சொல்லித் தேர்வில் கேட்பார்கள்தான், அதைத் தேர்வுக்கு முந்தின வாரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: கோர்த்துவிடுங்கள்

ஒரு அமினோ அமிலத்தின் கார்பாக்சில் முனையும் அடுத்ததன் அமினோ முனையும் சேரும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறுகிறது, அந்த இடத்தில் பெப்டைடு பிணைப்பு உண்டாகிறது. இப்போது ஒரு கேள்வி. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் என்றேன், எத்தனை பெப்டைடு பிணைப்பு?

ஐம்பது என்று சொன்னால் தப்பு. நாற்பத்தொன்பது. ஏனென்றால் இன்சுலின் ஒரு சங்கிலி இல்லை, இரண்டு. ஏ சங்கிலியில் 21, பி சங்கிலியில் 30. இருபதும் இருபத்தொன்பதும் சேர்ந்தால் 49. இரண்டு சங்கிலியையும் பிடித்து வைத்திருப்பது நாம் ஒதுக்கி வைத்த சிஸ்டீன். இரண்டு சிஸ்டீன்களின் கந்தக முனைகள் கைகோர்த்தால் அது டைசல்ஃபைடு பாலம். இன்சுலினில் மூன்று பாலங்கள்: ஏ 7க்கும் (அதாவது ஏ சங்கிலியில் ஏழாவது அமினோ அமிலம்) பி 7க்கும் நடுவே ஒன்று, ஏ 20க்கும் பி 19க்கும் நடுவே ஒன்று, ஏ சங்கிலிக்குள்ளேயே 6க்கும் 11க்கும் இடையே இன்னொன்று. தாளில் இரண்டு கோடு போட்டு இந்தப் பாலங்களை வரைந்துவிடுங்கள், இனி எல்லாப் படிக்கும் இந்தப் படம்தான்.

(பிராக்டிகலில் புரதத்தைக் கண்டுபிடிக்கும் பையூரெட் சோதனையில் ஊதா வருகிறதே, அது காப்பர் அயனி பெப்டைடு பிணைப்புகளைப் பிடிப்பதால் வருவது. தனி அமினோ அமிலத்தைப் போட்டுவிட்டு ஊதாவுக்காகக் காத்திருந்தால் மணி அடித்துவிடும், அதற்கு நின்ஹைட்ரின் சோதனைதான்.)

படி 3: சுமையை எண்ணுங்கள்

இந்தக் கட்டுரையே இந்தப் படிக்காகத்தான், அவசரப்படாமல் செய்யுங்கள். உங்கள் படத்தில் மைனஸ்களைக் குறியுங்கள்: குளூட்டமிக் அமிலம் ஏ 4, ஏ 17, பி 13, பி 21 ஆகிய நான்கு இடங்களில், அதோடு இரண்டு சங்கிலியின் கார்பாக்சில் முனைகள் இரண்டு. மொத்தம் ஆறு மைனஸ். பிளஸ்: பி 22இல் ஆர்ஜினின், பி 29இல் லைசின், அமினோ முனைகள் இரண்டு. மொத்தம் நான்கு. பி 5, பி 10 இரண்டிலும் ஹிஸ்டிடின், 7.4இல் அதை விட்டுவிடலாம். கழித்தால் மைனஸ் இரண்டு.

ஒரே சுமை உள்ள மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளும், அதனால் கரைசலில் பிரிந்து மிதக்கும். பிஹெச்சைக் குறைத்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் பிளஸ்ஸும் மைனஸும் சமமாகி நிகர சுமை பூஜ்யமாகும். அதுதான் ஐசோஎலக்ட்ரிக் புள்ளி, மனித இன்சுலினுக்குச் சுமார் 5.4. அங்கே தள்ளுவதற்கு எதுவும் இல்லாததால் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு வீழ்படிவாகும். பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிறதே, அங்கே பாலின் புரதமான கேசீனுக்கு நடப்பதும் இதுதான்.

இப்போது கிளார்ஜினைப் பாருங்கள், தெளிவாக இருந்தும் நாள் முழுக்க வேலை செய்கிற இன்சுலின் என்றேனே, அது இதுதான். இதை வடிவமைத்தவர்கள் செய்தது இரண்டே மாற்றம். பி சங்கிலியின் கடைசியில் இரண்டு ஆர்ஜினின் கூட்டினார்கள், ஏ 21இல் இருந்த அஸ்பராஜினை எடுத்துவிட்டு கிளைசின் வைத்தார்கள். உங்கள் கணக்கில் இரண்டு பிளஸ் கூட்டுங்கள்: பிளஸ் ஆறு, மைனஸ் ஆறு, 7.4இலேயே ஏறக்குறைய பூஜ்யம். ஐசோஎலக்ட்ரிக் புள்ளி 5.4இலிருந்து 6.7க்கு ஏறிவிட்டது. அதனால் குப்பிக்குள் பிஹெச் 4இல் தெளிவாகக் கரைந்திருக்கும் கிளார்ஜின், ஊசி வழியே தோலுக்கடியில் போனதும், அங்கே பிஹெச் 7.4 என்பதால், நுண்ணிய வீழ்படிவாகி உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நாள் முழுக்க ரத்தத்துக்குள் போகிறது. அந்த கிளைசின் எதற்கு? அமிலச் சூழலில் அஸ்பராஜின் மெல்லச் சிதையும், மருந்து கெட்டுவிடும், அதற்காக. கிளார்ஜினை வேறு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது என்று சொல்லித் தருகிறார்களே, காரணத்தை இப்போது நீங்களே சொல்லலாம்.

படி 4: மடியுங்கள்

சங்கிலி வரிசைதான் முதல்நிலை அமைப்பு. அது ஹைட்ரஜன் பிணைப்புகளால் சுருளாகவோ தகடாகவோ ஆவது இரண்டாம் நிலை. இன்சுலினில் பெரும்பாலும் ஆல்ஃபா சுருள். எண்ணெய்க் குணமுள்ள பக்கச்சங்கிலிகள் தண்ணீரிலிருந்து தப்பி உள்ளே ஒளிய, முழு மூலக்கூறும் ஒரு வடிவத்துக்கு வருவது மூன்றாம் நிலை. பல மூலக்கூறுகள் சேர்ந்து கூட்டமாவது நான்காம் நிலை. இந்தக் கடைசிக்கு இன்சுலினே நல்ல உதாரணம்: ஆறு மூலக்கூறுகள் இரண்டு துத்தநாக அயனிகளைச் சுற்றிக் கூடுகின்றன, பிடித்துக்கொள்வது பி 10இல் உள்ள ஹிஸ்டிடின். இந்த முப்பரிமாண அமைப்பை எக்ஸ் கதிர் மூலம் டோரதி ஹாட்ஜ்கின் குழு 1969இல் வெளியிட்டது.

ஆறு பேராகக் கூடி நின்றால் ரத்தக்குழாய்க்குள் நுழைவது தாமதமாகும், ஒவ்வொருவராகப் பிரிய வேண்டும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் ரெகுலர் இன்சுலின் (வரிசையில் எதையும் மாற்றாதது) போடச் சொல்வது அதனால்தான். லிஸ்ப்ரோ என்ற வேக இன்சுலினில் பி 28 புரோலினையும் பி 29 லைசினையும் இடம் மாற்றி வைத்தார்கள், அவ்வளவுதான். கூட்டம் இளகிவிட்டது, வேகம் கூடிவிட்டது.

மடிப்பு கலைந்தால் வரிசை அப்படியே இருந்தும் மருந்து வேலை செய்யாது. ஒரு முறை ஒரு பாட்டி, “தம்பி, மருந்து கெடக் கூடாதுன்னு ஐஸ் கட்டி வைக்கிற இடத்துலயே பத்திரமா வெச்சேன், அப்படியும் சுகர் ஏறுது” என்றார். உறைந்த இன்சுலினை உருக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார், பாவம். பனிக்கட்டிப் படிகம் உருவாகும்போது புரதம் நெருக்கப்பட்டுக் கட்டியாகிவிடும், உருகினாலும் பழைய வடிவத்துக்கு வராது. 2 முதல் 8 டிகிரி என்பது ஃபிரிட்ஜ் தட்டு, ஃபிரீசர் அல்ல. இதைப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள், ஆனால் வாயால் சொன்னால்தான் மனதில் நிற்கிறது.

படி 5: வரிசை எங்கிருந்து வந்தது?

இங்கேதான் நியூக்ளிக் அமிலம், அதாவது டிஎன்ஏவும் ஆர்என்ஏவும், உள்ளே வருகிறது. அதன் ஒவ்வொரு கண்ணியும் ஒரு நியூக்ளியோடைடு, அது மூன்று உருப்படி: ஒரு காரம், ஒரு சர்க்கரை, ஒரு பாஸ்பேட். டிஎன்ஏவில் காரங்கள் நான்கு, ஏ, டி, ஜி, சி. ஏவும் டியும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பால் சேரும், ஜியும் சியும் மூன்றால். டிஎன்ஏவிலிருந்து நகலெடுக்கும் ஆர்என்ஏவில் டிக்குப் பதில் யூ, சர்க்கரையில் கூடுதலாக ஓர் ஆக்சிஜன். பாஸ்பேட்டை மறந்துவிடாதீர்கள், ஒவ்வொன்றும் ஒரு மைனஸ். அதாவது டிஎன்ஏ என்பது நெடுக மைனஸ் கட்டிய கயிறு.

மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு கோடான், ஒரு கோடானுக்கு ஒரு அமினோ அமிலம். மொத்தம் 64 கோடான், அதில் 3 ‘நிறுத்து’ என்று சொல்பவை, மீதி 61 கோடான்களும் அந்த இருபது அமினோ அமிலங்களுக்கு. மனிதனின் இன்சுலின் மரபணு 11ஆவது குரோமோசோமில் இருக்கிறது. பி சங்கிலி தொடங்கும் இடத்தில் அதன் எழுத்துகள் டிடிடி, ஜிடிஜி, ஏஏசி. ஆர்என்ஏவில் இது யூயூயூ, ஜியூஜி, ஏஏசி ஆகும். கோடான் அட்டவணையை எடுத்துப் பாருங்கள்: ஃபினைல்அலனின், வாலின், அஸ்பராஜின். உங்கள் படத்தில் பி 1, பி 2, பி 3.

ஒரு சந்தேகம் வரணும். மொழிபெயர்ப்பு (ஆர்என்ஏவைப் படித்துப் புரதம் கட்டுவது) எப்போதும் ஏயூஜியில், அதாவது மெத்தியோனினில்தானே தொடங்கும்? இன்சுலினில் தேடினால் மெத்தியோனினே கிடையாது! காரணம், செல்லில் புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோம் முதலில் கட்டுவது 110 அமினோ அமிலங்கள் கொண்ட நீளமான சங்கிலி. முன்னால் உள்ள 24 வெறும் முகவரிச் சீட்டு மாதிரி, ‘இதை வெளியே அனுப்பு’ என்று செல்லுக்குச் சொல்லிவிட்டு வெட்டப்பட்டுவிடும், மெத்தியோனின் அதோடு போய்விடும். பிறகு நடுவே இருக்கும் சி பெப்டைடும் வெட்டப்பட்டு வெளியே வரும், இருபுறமும் பி, ஏ சங்கிலிகள் மிஞ்சும். 24, 30, 31, 21, வெட்டும் இடங்களில் இருக்கும் நான்கு, மொத்தம் 110. கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1978இல் அமெரிக்காவில் பாக்டீரியாவை வைத்து மனித இன்சுலின் செய்தவர்களுக்கு இந்த இல்லாத மெத்தியோனின்தான் கைகொடுத்தது. ஏ சங்கிலியையும் பி சங்கிலியையும் தனித்தனியாக, ஒரு பெரிய பாக்டீரியப் புரதத்தின் வாலில் ஒட்டி வளர்த்தார்கள், ஒட்டுமிடத்தில் ஒரு மெத்தியோனின் வைத்து. சயனோஜன் புரோமைடு என்ற வேதிப்பொருள் மெத்தியோனினில் மட்டும் வெட்டும். இன்சுலினுக்குள் அது இல்லாததால் வாலை மட்டும் நறுக்கி எடுக்க முடிந்தது. இப்படி வந்த மனித இன்சுலின் 1982இல் ஹியூமுலின் என்ற பெயரில் அனுமதி பெற்றது. அதுவரை பன்றி, மாட்டுக் கணையம்தான் கதி. பன்றி இன்சுலின் நம்முடையதிலிருந்து ஒரே இடத்தில், பி 30இல், மாறுகிறது. மாட்டினது மூன்று இடங்களில்.

படி 6: புரதமும் நியூக்ளிக் அமிலமும் ஒரே குப்பியில்

கலங்கலாக இருக்கும் என்பிஹெச் இன்சுலினுக்கு வருவோம். அதில் புரோட்டமின் இருக்கிறது, மீனின் விந்தணுவிலிருந்து எடுத்த புரதம், ஆர்ஜினின் நிரம்பியது, ஆகவே பிளஸ் குவியல். மீனுக்குள் அதன் வேலை, டிஎன்ஏவின் மைனஸ் கயிற்றைச் சுருட்டி விந்தணுவின் தலைக்குள் அடைப்பது. அதே புரோட்டமினை டென்மார்க்கின் ஹாகெடோர்ன் 1930களில் இன்சுலினோடு சேர்த்தார். படி 3இல் இன்சுலின் மைனஸ் இரண்டு என்று எண்ணினீர்களே, டிஎன்ஏவுக்குப் பதிலாக அது வந்து புரோட்டமினோடு ஒட்டிக்கொண்டது. கரையாத துகள், மெல்ல விடுபடும் மருந்து. துகள் அடியில் தங்கும் என்பதால்தான் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டச் சொல்கிறோம், குலுக்கினால் நுரையில் மடிப்பு கலையும். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் அதிகமாகிப்போனால் அதே புரோட்டமினை ஊசியாகப் போடுவதும் இதே கணக்குதான், ஹெப்பாரின் இன்னொரு மைனஸ் கயிறு.

வீட்டுப்பாடம் இரண்டு. ஆஸ்பார்ட் இன்சுலினில் பி 28 புரோலினுக்குப் பதில் அஸ்பார்டிக் அமிலம் வைத்திருக்கிறார்கள், 7.4இல் நிகர சுமை எவ்வளவு? மைனஸ் மூன்று வந்திருந்தால் சரி. இரண்டாவது, சர்க்கரை ரொம்ப இறங்கி மயங்கிய ஒருவரின் ரத்தத்தில் இன்சுலின் மிக அதிகம், சி பெப்டைடு கிட்டத்தட்ட இல்லை. அந்த இன்சுலின் அவருடைய கணையத்திலிருந்து வந்ததா, ஊசியிலிருந்து வந்ததா? படி 5ஐ ஒருமுறை திரும்பப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.