பேக்கெட் எங்கே விழுகிறது என்று பார்க்காமல் கெர்னலைத் திருகாதீர்கள்

கோலாலம்பூரில் சின்ன அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போட்டுத் தருகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. லோ யாட் பிளாசாவில் நாலு போர்ட் மினி பிசி ஒன்றை வாங்கி, லினக்ஸ் ஏற்றி, ரௌட்டராக வைத்துவிடுவார்கள். வேகம் வரவில்லையா? எங்கிருந்தோ எடுத்து வைத்திருக்கும் சிஸ்கன்ட்ரோல் வரிகளை (லினக்ஸின் மையமான கெர்னலின் அமைப்புகளை மாற்றுபவை) அப்படியே ஒட்டுவார்கள். அதில் பாதி, ரௌட்டருக்குச் சம்பந்தமே இல்லாதது.

டிசிபி பஃபரைப் பெரிதாக்கும் வரிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவை அந்த மெஷினிலேயே முடிகிற இணைப்புகளுக்கானவை. ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் தள்ளும் ரௌட்டரில், கடந்து போகும் இணைப்புகளுக்கு சாக்கெட்டே (இணைப்பு வந்து முடியும் முனை) கிடையாது. அடுத்தது நெட்டெவ்_மேக்ஸ்_பேக்லாக், அதாவது பேக்கெட்டுகள் (டேட்டா துண்டுகள்) கெர்னலுக்குள் காத்திருக்கும் ஒரு வரிசையின் நீளம். வழக்கமாக 1000 இருக்கும். ஆளாளுக்கு அதை லட்சத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். நாப்பி முறையில் (பேக்கெட்டுகளை மொத்தமாக எடுக்கும் முறை) ஓடும் டிரைவர்களில், ஆர்.பி.எஸ் (பேக்கெட்டுகளை சிபியு கோர்களுக்குப் பிரித்துத் தரும் கெர்னல் வசதி) போடாதவரை, நெட்வொர்க் கார்டிலிருந்து வரும் பேக்கெட் நேராக அந்த வரிசைக்குள் நுழைவதில்லை. நிரம்பாத வரிசையைப் பெரிதாக்கி என்ன பயன்?

முதலில் பேக்கெட் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கார்டின் விவரங்களைக் காட்டும் ஈத்டூல் கமாண்டின் கணக்கில் ‘மிஸ்டு’ மாதிரியான எண் ஏறினால் (பெயர் டிரைவருக்கு டிரைவர் மாறும்), பெரும்பாலும் கார்டின் ரிங் (வந்த பேக்கெட்டுகள் தங்கும் இடம்) நிரம்பி வழிகிறது, சிபியு நேரத்துக்கு வந்து எடுக்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் புரொக் அடியில் இருக்கும் சாஃப்ட்நெட்_ஸ்டாட் ஃபைல். சிபியுவின் ஒரு கோருக்கு ஒரு வரி. இரண்டாவது எண் பேக்லாக் நிரம்பி விழுந்தவை. மூன்றாவது, வேலை மிச்சமிருக்கும்போதே ஒதுக்கிய அளவோ நேரமோ தீர்ந்துபோன தடவைகள். அந்த அளவு ஒரு சுற்றுக்கு 300 பேக்கெட். அந்த ஃபைலில் எல்லாம் ஹெக்ஸில் (16-ஐ அடிமானமாகக் கொண்ட எண் முறை) இருக்கும், 100 என்று தெரிந்தால் அது 256. இதைக் கவனிக்காமல் கணக்குப் போடுகிறவர்கள் நிறைய.

மூன்றாவது எண் ஏறினால் 300-ஐ 600 ஆக்கு என்பார்கள். சரி, கொஞ்சம் உதவலாம். ஆனால் ஒரே ஒரு கோரின் வரி மட்டும் ஏறி, மற்றவை அசையாமல் நின்றால் கோளாறு வேறு இடத்தில்.

இங்கே அது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் உண்டு. யூனிஃபை இணைய லைன் பிபிபிஓஇ வழியாக (லாகின் செய்து இணையும் முறை, ஒவ்வொரு பேக்கெட்டுக்கும் மேலே ஓர் உறை போடும்), விலான் 500-இல் (ஒரே கேபிளுக்குள் பிரித்த தனிப் பாதை) வருகிறது. கார்டில் உள்ள ஆர்எஸ்எஸ், ஐபி முகவரியையும் போர்ட்டையும் பார்த்துத்தான் பேக்கெட்டுகளைப் பல வரிசைகளுக்குப் பிரித்துவிடும். மேலே பிபிபிஓஇ உறை இருந்தால் பல கார்டுகளுக்கு உள்ளே இருக்கும் ஐபி தெரியாது. டவுன்லோட் முழுக்க முதல் வரிசையில், ஒரே கோரின் தலையில் விழும். நாலு டோல் சாவடியில் ஒன்றை மட்டும் திறந்து வைத்த கதைதான். சிபியு சுமையைக் காட்டும் டாப் கமாண்டில் நாலு கோரின் சராசரி 25 சதவீதம் காட்டும். ‘சிபியு சும்மாதானே இருக்கு’ என்று லைனைக் குறை சொல்லக் கிளம்பிவிடுவார்கள். டாப் ஓடும்போது 1-ஐ அழுத்துங்கள். ஒரு கோர் மட்டும் சாஃப்ட் இண்டரப்டில் (பேக்கெட்டைக் கையாளும் கெர்னல் வேலை) நூறைத் தொட்டு நிற்பது தெரியும்.

இதற்கு ஆர்.பி.எஸ் இருக்கிறது. 2010-இல், 2.6.35 கெர்னலில் வந்தது. நாமாகப் போட்டால்தான் வேலை செய்யும். கார்டு செய்யாத பிரிப்பை கெர்னல் செய்யும், அதற்கு பிபிபிஓஇ உறைக்குள் பார்க்கத் தெரியும். ஏற்கெனவே திணறும் கோரை மட்டும் பட்டியலில் சேர்க்காதீர்கள். முன்னே சொன்ன பேக்லாக் வரிசைக்கு இப்போது வேலை கூடுகிறது: சாஃப்ட்நெட்_ஸ்டாட்டில் இரண்டாவது எண் ஏறினால் மட்டும் அதைக் கூட்டுங்கள். கையால் இண்டரப்டை (பேக்கெட் வந்ததும் கார்டு சிபியுவுக்குத் தரும் அழைப்பு) கோருக்குப் பிரித்து வைத்தால் ஐஆர்கியூ பேலன்ஸ் சர்வீஸை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் அது தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும்.

ரிங்கை எடுத்த எடுப்பில் 4096 ஆக்குவதும் எனக்குப் பிடிக்காது. டிராப் எண் குறையும். பேக்கெட் காத்திருக்கும் நேரம் கூடும், கேஷும் கெடும். ஜிஆர்ஓவை அணைப்பது இன்னொரு வீண் வேலை. தொடர்ந்து வரும் பேக்கெட்டுகளை ஒன்றாக்கி மேலே அனுப்புவதால்தான் கெர்னலின் சுமை குறைகிறது. ரௌட்டருக்கு ஆகாதது, திரும்பப் பழையபடி பிரிக்க முடியாமல் ஒட்டிவிடும் எல்ஆர்ஓ. ஃபார்வர்டிங் (பேக்கெட்டை மறுபக்கம் தள்ளும் வசதி) போட்டதும் கெர்னலே அதை அணைத்துவிடும்.

அளப்பதிலும் ஏமாறலாம். கெர்னலுக்குச் செலவு பெரும்பாலும் பைட்டுக்கு இல்லை, பேக்கெட்டுக்கு. 10 கிகாபிட் லைனில் 1500 பைட் பேக்கெட் என்றால் நொடிக்கு சுமார் 8 லட்சம். 64 பைட் ஃபிரேம் என்றால் 1 கோடியே 48 லட்சத்துக்கு மேல், ஒன்றுக்குக் கிடைப்பது 67 நானோநொடி. பெரிய பேக்கெட்டாக அனுப்பி ஐபெர்ஃப் என்ற வேக சோதனைக் கருவியில் பார்த்து, ‘ஓகே’ என்று வந்துவிட்டால், சின்னச் சின்ன பேக்கெட்டாகப் போகும் இணையத் தொலைபேசியும் டிஎன்எஸ்ஸும் (தளப் பெயருக்கு ஐபி முகவரி தேடுவது) ஓடும்போதுதான் சாயம் வெளுக்கும். அளக்கும்போது பக்கத்து விண்டோவில், போகிற பேக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது பார்க்கும் ஒவ்வொரு பேக்கெட்டுக்கும் தனிச் செலவு.

2016-இல் 4.8 கெர்னலோடு வந்த எக்ஸ்டிபியைப் பற்றியும் கேட்கிறார்கள். வேகமானதுதான். ஆனால் அது கெர்னலின் மேல்தட்டுக்குப் போகும் முன்பே பேக்கெட்டைப் பிடிப்பதால், பிபிபிஓஇ உறையைப் பிரிப்பதையும், நாட் (NAT) என்கிற ஐபி முகவரி மாற்றத்தையும் அங்கே நீங்களே எழுதியாக வேண்டும். முப்பது பேர் அலுவலகத்துக்கு யார் உட்கார்ந்து அதை எழுதுவது?