மரம் நட்டுக் காபனை ஈடுகட்டச் சொல்லி உங்கள் மேசைக்கு ஃபைல் வந்தால்

இரத்மலானையிலோ பியகமவிலோ ஏக்கலவிலோ ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு நாள் முகாமையாளர் கூப்பிட்டு, "வெளிநாட்டில் நம்மிடம் சாமான் வாங்குகிறவர்கள் நாம் எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியேற்றுகிறோம் என்று காபன் கணக்குக் கேட்கிறார்கள், நாங்களும் மரம் நட்டு அதை ஈடுகட்டுவோம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு ஃபைலைக் கையில் தருகிறார். எனக்கு அப்படித்தான் வந்தது. அதை எப்படிச் செய்வது, எங்கெல்லாம் சறுக்கும் என்பதைத்தான் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வேலையில் மரம் நடுவது மிகச் சின்னப் பகுதி. நட்ட பிறகு ஐந்தாறு வருடத்துக்குக் காசும் ஆளும் ஒதுக்க முடியாது என்றால் நடவே வேண்டாம், அந்தக் காசைப் பொயிலரைத் திருத்தப் போடுங்கள்.

நாற்றுமேடைக்குப் போகுமுன் கணக்குப் பிரிவுக்குப் போங்கள். கடந்த 12 மாதத்து டீசல், உலை எண்ணெய், எரிவாயுப் பற்றுச்சீட்டுகள், மின் பட்டியல்கள், குளிரூட்டிக்கு வாயு நிரப்பிய பில்கள், லொறிக் கூலிப் பட்டியல் எல்லாம் வேண்டும். பசுமையில்ல வாயுக் கணக்குக்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் ஜிஎச்ஜி புரோட்டோகோல் என்ற விதிமுறை இதை மூன்றாகப் பிரிக்கிறது: உங்கள் வளவுக்குள்ளும் உங்கள் வாகனங்களிலும் நீங்களே எரிப்பது, வாங்கும் மின்சாரம், அப்புறம் மூலப்பொருள், ஏற்றுமதி, ஊழியர் பயணம் என்று உங்களுக்கு முன்னும் பின்னும் வெளியேறுவது. முதல் இரண்டையும் ஒரு மாதத்தில் முடிக்கலாம். மூன்றாவது இழுக்கும், பெரும்பாலும் அதுதான் பெரிதாகவும் இருக்கும்.

மின்சாரத்துக்கு ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு காபனீரொட்சைட்டு என்ற காரணி இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை வெளியிடும் நாட்டின் வருடாந்த வலுக் கணக்கில் இருக்கிறது. எந்த ஆண்டுக்கு உரியது என்று பார்த்து எடுங்கள், ஏனென்றால் மழை நன்றாகப் பெய்து நீர்மின்சாரம் கூடிய ஆண்டும், வரட்சியில் நுரைச்சோலை நிலக்கரியையும் எண்ணெயையும் நம்பிய ஆண்டும் ஒன்றல்ல. குளிரூட்டி வாயுவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏசிகளில் நிரப்பும் ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால் ஏறக்குறைய 2 தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமம்.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வரும். லீற்றரின் எடையே ஒரு கிலோவுக்குக் குறைவு, பிறகு எப்படி 2.7 என்று கேட்பார்கள். காற்றிலிருந்து ஒட்சிசன் வந்து சேர்வதால்தான். மாதம் 10,000 லீற்றர் டீசல் எரிக்கும் தொழிற்சாலை என்றால் ஆண்டுக்கு 1,20,000 லீற்றர், அதாவது 324 தொன். வளர்ந்துவரும் இளங்காட்டில் ஒரு ஹெக்டேயர் ஆண்டுக்கு 6 தொன் இழுக்கும் என்று வைத்துத்தான் நான் திட்டமிடுவேன். இடத்தையும் மண்ணையும் பொறுத்து இது கூடும், குறையும், முதல் இரண்டு மூன்று வருடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. 324ஐ ஆறால் வகுத்தால் 54 ஹெக்டேயர். காலிமுகத்திடல் ஏறக்குறைய 5 ஹெக்டேயர், ஆகவே பதினொரு காலிமுகத்திடல் அளவு காணி, மூன்று மீற்றர் இடைவெளியில் நட்டால் சுமார் 60,000 கன்று. இது டீசலுக்கு மட்டும். மின்சாரத்தை நாம் இன்னும் தொடவே இல்லை.

இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதிப் பணிப்பாளர் சபைக்குக் கொண்டுபோங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு பக்கம் செய்யும் வேலையை எந்தப் பெரிய அறிக்கையும் செய்வதில்லை, ஏனென்றால் இதைப் பார்த்த பிறகுதான் "அப்படியானால் டீசலைக் குறைக்க என்ன வழி?" என்ற கேள்வி அவர்கள் வாயிலிருந்தே வரும். நீராவிக் குழாய்க் கசிவு, பழைய மோட்டார், கூரையில் சூரிய மின்கலம், வெற்று லொறி திரும்பி வருவது எல்லாம் அப்போதுதான் பேச்சுக்கு வரும். குறைக்க முடிந்ததைக் குறைத்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் காடு. பொயிலருக்கு விறகு எரிக்கும் இடமாக இருந்தால், அந்த விறகு எங்கிருந்து வருகிறது என்று விநியோகஸ்தரிடம் எழுத்தில் கேளுங்கள். கிளிரிசிடியாவோ பால் வடிந்து முடிந்த இறப்பர் மரமோ என்றால் பரவாயில்லை. இயற்கைக் காட்டிலிருந்து வருகிறது என்றால் ஒரு கையால் காட்டை எரித்துக்கொண்டு மறு கையால் நடுகிறீர்கள்.

இனிக் காணி. நாட்டின் காணியில் பெரும்பகுதி அரசுடையது, ஆகவே ஒரு கம்பனி காடு வளர்க்க நினைத்தால் அநேகமாக வனப் பாதுகாப்புத் திணைக்களத்துடனோ வனஜீவராசிகள் திணைக்களத்துடனோ ஒப்பந்தம் செய்ய வேண்டிவரும். ஒப்பந்தத்தில் எத்தனை வருடம், பராமரிப்பு யார் பொறுப்பு, எரிந்து போனால் மீண்டும் நடுவது யார், காபன் உரிமை யாருக்கு என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். மரத்தை நீங்கள் நட்டாலும் அதன் காபன் தானாக உங்களுடையது ஆகிவிடாது. அரச காணி, அரசின் காடு.

வடக்கு கிழக்கில் காணி பார்க்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். போரில் இடம்பெயர்ந்த குடும்பங்களின் வயலும் தோட்டமும் பல வருடம் ஆளில்லாமல் பற்றை மண்டி, பிறகு வரைபடத்தில் வனமாகக் குறிக்கப்பட்ட இடங்கள் வன்னியில் இருக்கின்றன. கொழும்பிலிருந்து பார்த்தால் அது "வெறும் காணி". அங்கே போனால் பழைய கிணறும் மாமரமும் நிற்கும். பிரதேச செயலகத்தில் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், கிராம சேவகரையும் கமக்கார அமைப்பையும் கோயிலடியில் இருக்கும் நாலு வயதானவர்களையும் சந்தியுங்கள். ஒருவரின் உறுதிக்காணியில் நம் கம்பனியின் பெயர்ப்பலகை நிற்பதை விட, காபன் கணக்கு நிரம்பாமல் இருப்பது மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாடு மேய்க்கும் இடம், விறகு பொறுக்கும் இடம் என்றாலும் அப்படித்தான். மேய்ச்சலை நீங்கள் மறித்தால் அந்த மாடு பக்கத்துக் காட்டுக்குள் போகும், அங்கே அழியும் மரக்கன்று உங்கள் கணக்கில் கழிய வேண்டியது.

எப்போது நடுவது என்பதில் நான் ஒரு தடவை நேரிலேயே இழப்பைப் பார்த்தேன். முன்பு வேலை செய்த ஒரு கம்பனியில் ஜூன் 5, உலகச் சுற்றாடல் தினம், அன்றுதான் நட வேண்டும் என்று நின்றார்கள். பஸ் பிடித்து, தொப்பி கொடுத்து, உலர் வலயத்துக்குப் போய் நாள் முழுக்க நட்டோம், படமும் எடுத்தோம். ஜூனில் கொழும்பில் மழை, அதனால் யாருக்கும் தோன்றவில்லை. அங்கே கச்சான் காற்று அடித்து மண் வெடித்துக் கிடக்கும் காலம். செப்டெம்பரில் நான் திரும்பிப் போனபோது குச்சிகள்தான் நின்றன. அந்தப் படம் மட்டும் ஆண்டறிக்கையில் வந்தது. உலர் வலயம் என்றால் மாரி தொடங்கும் ஒக்டோபர், நவம்பரில் நடுங்கள். சிங்கராஜ, கன்னெலிய பக்கத்து ஈர வலயம் என்றால் தென்மேற்குப் பருவமழையோடு மே, ஜூன் சரி. சுற்றாடல் தினத்துக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், போன வருடம் நட்ட கன்றுக்குக் களை பிடுங்க ஆட்களைக் கூட்டிப் போங்கள்.

என்ன நடுவது? பைனஸ், யூக்கலிப்டஸ் சீக்கிரம் வளரும், கணக்கு அழகாக வரும், ஆனால் அது காடு ஆகாது. 1970களிலும் 80களிலும் சிங்கராஜவின் ஓரத்தில் பைனஸ் நட்டார்கள். அதன் காய்ந்த ஊசியிலை தரையில் மெத்தையாகக் கிடந்து கோடையில் சுலபமாகத் தீப்பிடிக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் நிமல், சாவித்திரி குணதிலக்க தம்பதியர் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து, அந்தப் பைனஸ் வரிசைகளில் சிலவற்றை அகற்றி இடைவெளி திறந்து, அதற்குள் உள்ளூர் மழைக்காட்டு மரங்களை நட்டு வளர்த்துக் காட்டினார்கள். மழைக்காட்டு மரங்கள் பலவற்றுக்குக் குழந்தைப் பருவத்தில் நிழல் வேண்டும், வெட்டவெளியில் வைத்தால் கருகிவிடும் என்பதுதான் அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். தெற்கில் கெகில்ல என்ற பன்னம் பாய் விரித்த மாதிரி மூடிய நிலத்திலும் இதே கதைதான்: பன்னத்தை முழுவதும் வெட்டித் தள்ளாமல் கீற்றுக் கீற்றாகத் திறந்து, நிழல் தரும் மரத்தை முதலில் ஏற்றி, பிறகுதான் மற்றவை. உலர் வலயத்தில் பாலை, வீரை, முதிரை, வேம்பு, ஆற்றங்கரை என்றால் மருது. மெதுவாகத்தான் வளரும். பக்கத்தில் எஞ்சியிருக்கும் காட்டில் என்ன நிற்கிறதோ அதைப் பார்த்து, முடிந்தால் அங்கே பொறுக்கிய விதையிலிருந்து, ஒரு வருடம் முன்பே நாற்றுமேடைக்குச் சொல்லிவையுங்கள். கடைசி மாதத்தில் தேடினால் கிடைப்பது மலைவேம்பும் தேக்கும்தான்.

சில இடத்தில் நடவே தேவையில்லை. பக்கத்தில் நல்ல காடு இருந்து, தீயையும் மாட்டையும் நிறுத்தினால் தானாகவே முளைத்து வரும், செலவும் குறைவு. படம் எடுக்கத்தான் ஒன்றும் இருக்காது.

கண்டல் நட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இலங்கைக் கரையோரத்தில் கண்டல் நட்ட 23 இடங்களைப் பார்த்தது. 9 இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் 200 முதல் 220 வரைதான் தேறியது. பிழையான உயரத்தில் பிழையான இனத்தை நட்டது, பிறகு யாரும் திரும்பிப் பார்க்காதது, மாடு மிதித்தது. புத்தளம் பக்கத்தில் கைவிட்ட இறால் பண்ணை என்றால் முதலில் வரம்பை உடைத்துத் தண்ணீர் வந்து போகும் வழியைத் திறக்க வேண்டும். தண்ணீர் சரியானால் கண்டல் விதை தானே மிதந்து வந்து பிடித்துக்கொள்ளும்.

நட்ட பிறகுதான் காசு செலவாகும். முதல் மூன்று வருடமும் இலுக்குப் புல்லும் கினிப்புல்லும் கன்றை மூடிக்கொள்ளும், வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது கன்றைச் சுற்றித் துப்புரவாக்க வேண்டும். கோடைக்கு முன் எல்லையைச் சுற்றிப் புல் செதுக்கித் தீ தாண்டாதபடி வெறும் தரையாக வைக்க வேண்டும். செத்த இடத்தில் மறு மாரியில் புதுக் கன்று. இதையெல்லாம் கொழும்பிலிருந்து ஆள் அனுப்பிச் செய்ய முடியாது. அந்த ஊரிலேயே சிலருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள், நாற்றுமேடையை ஊர்ப் பெண்களிடம் விடுங்கள், உயிரோடு நிற்கும் கன்றுக்கு வருட முடிவில் மேலதிகமாக ஒரு தொகை வையுங்கள். யார் வேலி பிரித்தது, எங்கே தீ வைத்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். செலவுத் திட்டம் எழுதும்போது நடும் நாளுக்கு ஒரு பங்கு, அதன் பிறகு வரும் வருடங்களுக்குக் குறைந்தது இரண்டு பங்கு என்று நான் எழுதுவேன்.

அளப்பது கடினமில்லை. காட்டுக்குள் வட்டமாகச் சில மாதிரித் துண்டுகளைக் குறித்து, ஜிபிஎஸ் எடுத்து, மரத்துக்கு இலக்கத் தகடு கட்டுங்கள். முதல் வருடங்களில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணினால் போதும். பிறகு தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் தண்டின் விட்டத்தை அளக்க வேண்டும். விட்டம், உயரம், மர அடர்த்தி மூன்றையும் வைத்து உலர் எடையைக் கணிக்கும் சூத்திரங்கள் வெப்பவலயக் காடுகளுக்கென்றே இருக்கின்றன. அந்த எடையில் ஏறக்குறைய பாதி காபன், அதை 3.67ஆல் பெருக்கினால் காபனீரொட்சைட்டு. 10 சென்ரிமீற்றர் விட்டமும் 8 மீற்றர் உயரமும் கொண்ட நடுத்தர அடர்த்தி மரம் ஒன்றுக்கு நான் போட்டுப் பார்த்தேன்: நிலத்துக்கு மேலே உள்ள பகுதியில் சுமார் 48 கிலோ காபனீரொட்சைட்டு. பல வருடம் காத்து வளர்த்த ஒரு மரம், 18 லீற்றர் டீசல். செந்தினல்-2 செய்மதிப் படம் இலவசம், 10 மீற்றர் துல்லியம், வருடம் ஒருமுறை எடுத்து வைத்தால் தீ பிடித்ததும் தெரியும், வெட்டியதும் தெரியும்.

சான்றிதழ் பற்றிச் சுருக்கமாக. சுற்றாடல் அமைச்சின் கீழ் இருக்கும் இலங்கைக் காலநிலை நிதியம் கம்பனிகளின் காபன் கணக்கைச் சரிபார்க்கிறது, இழுத்த அல்லது குறைத்த காபனை அலகு அலகாகப் பதிவுசெய்யும் உள்ளூர்க் காபன் கிரெடிட் திட்டத்தையும் நடத்துகிறது. காபன் கிரெடிட்டை வெளிநாட்டில் விற்கும் எண்ணம் இருந்தால் வெரா, கோல்ட் ஸ்டாண்டர்ட் போன்ற சர்வதேசச் சான்றிதழ் அமைப்புகள். எங்கே போனாலும் கேட்பார்கள்: நீங்கள் இல்லாவிட்டாலும் இந்தக் காடு வந்திருக்குமா, எத்தனை காலம் நிற்கும், இதனால் வேறு இடத்தில் காடு வெட்டுவது அதிகரித்ததா. நடுமுன்னர் இருந்த நிலத்தின் படமும் அளவும் கையில் இல்லாவிட்டால் முதல் கேள்விக்கே பதில் சொல்ல முடியாது, ஆகவே முதல் மண்வெட்டி விழுமுன் அதை எடுத்து வையுங்கள்.

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்கிறவர்கள் விளம்பர வாசகத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 இலக்கச் சட்டப்படி, ஈடுகட்டியதைக் காரணம் காட்டி "இந்தப் பொருள் காபன் நடுநிலையானது" என்று நுகர்வோரிடம் சொல்வதற்கு 2026 செப்டெம்பர் 27 முதல் தடை. நான் எழுதும் விதம் இது: போன வருடம் இத்தனை தொன் வெளியேற்றினோம், அதற்கு முந்திய வருடத்தை விட இவ்வளவு குறைத்தோம், இந்த இடத்தில் இத்தனை ஹெக்டேயர் வளர்க்கிறோம், நட்டதில் இத்தனை உயிரோடு நிற்கிறது, இதுவரை அளந்தது இத்தனை தொன். இனி வரப்போகும் முப்பது வருடத்துக் காபனை இந்த வருடக் கணக்கில் கழிக்காதீர்கள்.

கடைசியாக, ஃபைல். அந்த மரங்கள் 10 சென்ரிமீற்றர் பருக்கும்போது நீங்கள் அநேகமாக வேறு கம்பனியில் இருப்பீர்கள். ஒப்பந்தப் பிரதி, எல்லை வரைபடம், மாதிரித் துண்டுகளின் ஜிபிஎஸ், தகடு இலக்கங்கள், நடுமுன் எடுத்த படங்கள், ஊரில் பார்த்துக்கொள்கிறவர்களின் விபரம், அவர்களுக்கு எந்தத் திகதியில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும், ஒரு பிரதி திணைக்களத்தின் அந்த வட்டார அலுவலகத்திலும் இருக்கட்டும். உங்களுக்குப் பிறகு வருகிறவரை வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே அங்கே கூட்டிப் போய், மாதிரித் துண்டுகளைக் காட்டி, அந்த ஊர் ஆட்களிடம் அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள்.