இழுவை லாக்: கயிறு சிக்காமல் எடுப்பது எப்படி?

பழைய வாக்கர் லாக் (படகு கடந்த தூரத்தை அளக்க, பின்னால் கயிற்றில் இழுத்துச் செல்லும் இழுவை லாக்) வைத்திருக்கும் மும்பைப் பாய்மரப் படகு நண்பர்களே, அதை அலமாரியில் தூங்க விடாதீர்கள். பேட்டரியே வேண்டாத அருமையான கருவி.

நீளக் கயிற்றின் நுனியில் உள்ள சுழலி தண்ணீரில் சுற்றும். அந்த முறுக்கு படகின் பின்புறக் கருவிக்கு வந்து முள்ளை நகர்த்தும். அது காட்டுவது தூரம்தான், வேகத்தை நாம் கணக்கிட வேண்டும். அரை மணியில் 2.5 கடல் மைல் என்றால் 5 நாட், அதாவது மணிக்கு 5 கடல் மைல்.

சிரமம், எடுக்கும்போதுதான். நேராக இழுத்தால் சுழலி சுற்றிக்கொண்டே வந்து கயிறு முழுக்கச் சிக்கலாகிவிடும். முதலில் கருவியிலிருந்து உள்முனையைக் கழற்றுங்கள். சுழலிப் பக்கத்தை இழுக்க இழுக்க, கழற்றிய முனையைப் படகின் மறுபக்கமாகத் தண்ணீரில் விட்டுக்கொண்டே வாருங்கள். சுழலி மேலே வந்ததும், பின்னால் இழுபடும் கயிறு தானாகவே முறுக்கு அவிழும். அப்புறம் நிதானமாகச் சுருட்டலாம். போடும்போது கருவியில் மாட்டிவிட்டுக் கயிற்றை வளைவாக விடுங்கள், சுழலி கடைசியில்.

கேட்வே ஆஃப் இந்தியா அருகே வேண்டவே வேண்டாம், அவ்வளவு படகு நெரிசல். கொலாபாவின் தென்முனையில் உள்ள பிராங்ஸ் கலங்கரை விளக்கம் தாண்டியதும் போடுங்கள். சுழலியில் பிளாஸ்டிக் பை மாட்டினால் அளவு குறைவாகக் காட்டும், அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். சரி, ஜிபிஎஸ் வேறு எண் சொல்கிறதா? லாக் அளப்பது தண்ணீரின் ஊடான ஓட்டத்தை, ஜிபிஎஸ் அளப்பது தரையை வைத்து. இரண்டும் சரியாக இருந்தால், அந்த வித்தியாசம் பெரும்பாலும் நீரோட்டத்தின் வேலை.