வீட்டுப் பக்கம் திறந்தவெளிக் கச்சேரி: ஒலி வரம்புக்குள் நடத்துவது எப்படி

மேடைக்கு ஒலி அமைப்பது என் தொழில். குடியிருப்புக்கு நடுவே கச்சேரி வைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை டெசிபல் வரை போகலாம்?" எண் மட்டும் தெரிந்து பயனில்லை. எந்த இடத்தில் வைத்து அளப்பார்கள், எத்தனை நிமிடச் சராசரி, ஏ அளவையா (காதுக்கு ஏற்ப அடித்தொனியைக் குறைத்துக் காட்டுவது) சி அளவையா (அடித்தொனியையும் ஏறக்குறைய அப்படியே காட்டுவது), எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் அனுமதி கேட்கும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஊருக்கு ஊர் இது எவ்வளவு மாறும் என்பதற்கு இரண்டு உதாரணம். இந்தியாவின் 2000ஆம் ஆண்டு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். பிரிட்டனில் 1995இல் வந்த வழிகாட்டியோ, நகர்ப்புற ஸ்டேடியத்தில் வருடத்துக்கு மூன்று நாளுக்குள் கச்சேரி என்றால் 75 வரை விட்டது. அதுவும் 15 நிமிடச் சராசரி, வீட்டுச் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி. நாட்கள் கூடினால் வரம்பு இறங்கிவிடும். அதனால் ஒரே மைதானத்தில் அடிக்கடி நடத்துகிறவர்கள் நாள் கணக்கையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து, கச்சேரி நடக்கப்போகும் அதே கிழமை, அதே நேரத்தில் அருகிலுள்ள வீட்டு வாசலில் நின்று, பாட்டு இல்லாதபோது எவ்வளவு சத்தம் என்று அளந்து குறித்து வையுங்கள். பிறகு தூரக் கணக்கு. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கரிலிருந்து 20 மீட்டரில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் இருக்கும் இடத்தில், 95 என்றால் 40 மீட்டரில் 89, 80 மீட்டரில் 83, 160 மீட்டரில் 77. தூரம் மட்டுமே காப்பாற்றாது என்பது இதிலேயே தெரியும்.

சண்டை வருவது பெரும்பாலும் பேஸால், அதாவது அடித்தொனியால்தான். பாடகர் குரல் சுவரில் பட்டு அடங்கிவிடும்; கிக் டிரம் ஜன்னலை மூடினாலும் உள்ளே வரும். மீட்டரை ஏ அளவையில் வைத்தால், 63 ஹெர்ட்ஸ் போன்ற ஆழமான பேஸில் 26 டெசிபல் கழித்துத்தான் காட்டும். அதாவது அங்கே 80 அளவுக்கு அதிர்கிற பேஸ், மீட்டரில் வெறும் 54. விதி மீறவில்லை என்று நாம் காகிதத்தைக் காட்டுவோம், உள்ளே ஒரு குழந்தை தூங்க முடியாமல் கிடக்கும். எனக்கு இது சரியென்று படவில்லை. விதி கேட்காவிட்டாலும் சி அளவையிலும் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் மொத்த ஒலியைக் குறைக்காமல் பேஸுக்கென்று இருக்கும் சப்வூஃபர் பெட்டியை மட்டும் இறக்குங்கள். பாட்டு கெடாது.

ஸ்பீக்கரை வைக்கும் விதத்தில் நிறையச் சம்பாதிக்கலாம். மேடையின் முதுகு வீடுகளைப் பார்க்கட்டும். ஸ்பீக்கரை உயர்த்தி, முகத்தைக் கூட்டத்தின் மேல் கீழ்நோக்கிச் சாயுங்கள். முன்னால் இரண்டு பெரிய பெட்டியை அலறவிடுவதைவிட, கூட்டத்துக்கு நடுநடுவே சின்னப் பெட்டிகளை டிலே கொடுத்து (ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தி) வைப்பது எவ்வளவோ மேல். சப்வூஃபர்களில் ஒன்றைப் பின்புறம் திருப்பி, துருவம் மாற்றி (ஒலி அலையைத் தலைகீழாக்கி), சரியான டிலே கொடுத்தால் பின்பக்கம் போகும் பேஸ் கணிசமாக அடங்கும். மேடைக்கு எதிரே கான்கிரீட் சுவர் இருந்தால் ஒலி திரும்பி வரும், அதையும் பாருங்கள்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்க வீடுகளுக்குச் சத்தம் கூடும். தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, மேலே காற்று வெதுவெதுப்பாக இருந்தால் ஒலி வளைந்து கீழே இறங்கும். மாலை சவுண்ட் செக்கில் சரியாக இருந்த அளவு ராத்திரியில் தப்பாகிவிடுவது இதனால்தான்.

அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே ஒரு தாள் கொடுங்கள்: சவுண்ட் செக் நேரம், முடியும் நேரம், ஒரு போன் நம்பர். அந்தப் போனை எடுப்பவர் மேடையிலிருந்து தள்ளி உட்கார வேண்டும், மிக்ஸர்காரரிடம் "குறை" என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நம்பர் கொடுத்தே பயனில்லை.

புகார் வந்தால் அந்த வீட்டு வாசலுக்கே மீட்டரோடு போங்கள். நேரம், காற்றுத் திசை, இரண்டு அளவையிலும் வந்த எண், அப்புறம் என்ன குறைத்தீர்கள் என்று அங்கேயே எழுதுங்கள். அடுத்த முறை அனுமதிக்குப் போகும்போது அந்தத் தாளையும் விண்ணப்பத்தோடு சேர்த்து வையுங்கள்.