கரு தங்காமல் போனால் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பெண்ணுக்கு இரண்டாம் தடவையும் கரு கலைந்துவிட்டால், யாழ்ப்பாணத்தில் வீடு தேடி முதலில் வருவது பெரும்பாலும் ஒரு போத்தல் தூள்தான். "உடம்பில எதிர்ப்புச் சக்தி காணாது பிள்ளை, பாலில கலந்து குடி" என்று மாமி தருவார். அன்பில்தான் தருகிறார். ஆனால் அந்த எண்ணமே பிழை.

நம் இரத்தத்தில் கொம்ப்ளிமென்ட் என்ற 30க்கும் மேற்பட்ட புரதங்கள் இருக்கின்றன. கிருமி நுழைந்தால் இவை ஒன்றையொன்று தூண்டி, கிருமியின் மேல் ஒட்டி, அதில் துளை போட்டுவிடும். கருப்பையிலும் இவற்றுக்கு வேலை உண்டு. சி1கியூ என்ற புரதம், சூல்வித்தகம் (நஞ்சுக்கொடி) தாயின் இரத்தக்குழாய்களோடு சரியாகப் பொருந்த உதவுகிறது. அதே நேரம், பாதி தந்தையின் மரபணுவோடு வளரும் கருவை இந்தப் படை தாக்கிவிடக் கூடாது. அதனால்தான் சூல்வித்தகத்தின் மேற்பரப்பில் தடுப்புப் புரதங்கள் நிறைய உண்டு. விந்தணுவிலும் உண்டு. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இப்படியான ஒரு தடுப்புப் புரதம் இல்லாத எலிக் கருக்கள் வயிற்றிலேயே இறந்தன. கொம்ப்ளிமென்ட்டின் மையப் புரதமான சி3யையும் நீக்கியபோது அவை பிழைத்தன. எலியில் கண்டதெல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்தாதுதான். என்றாலும், கருவுக்கு வேண்டியது எதிர்ப்பைக் கூட்டுவதல்ல, அளவோடு வைத்திருப்பது என்பது இதில் தெளிவு.

அடுத்த தவறு, ஒரேயொரு கருச்சிதைவோடு பயந்துபோய் எல்லாப் பரிசோதனைக்கும் ஓடுவது. ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்கு நிறமூர்த்த (குரோமோசோம்) கோளாறுதான் காரணம். அதில் தாயின் குற்றமும் இல்லை, தோஷமும் இல்லை. திரும்பத் திரும்பக் கலைந்தால் கதை வேறு. அப்போது அன்ரிபொஸ்போலிப்பிட் நோயைத் தேட வேண்டும். இதில் உடல் தன்னையே தாக்கும் பிறபொருளெதிரிகளை (அன்ரிபொடி) உருவாக்குகிறது; அவை சூல்வித்தகத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன, அங்கே கொம்ப்ளிமென்ட் தூண்டப்படுகிறது.

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். முதல் இரத்தப் பரிசோதனையில் 'பொசிட்டிவ்' என்று வந்தவுடன் நோய் உறுதி என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியல்ல. குறைந்தது 12 வாரங்கள் கழித்து அதே பரிசோதனையை மீண்டும் செய்து பார்க்க வேண்டும். காய்ச்சலோ வேறு தொற்றோ வந்தால்கூட இந்தப் பிறபொருளெதிரிகள் கொஞ்சக் காலம் தலைகாட்டும். இரண்டாவது பரிசோதனைக்கான துண்டு பைலுக்குள் மடிந்து கிடக்கும், அதற்குள் அடுத்த கரு தங்கிவிடும். திகதியைக் கலண்டரில் குறித்துவையுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் ஊசி போடுபவராக இருந்தால் இரத்தம் எடுக்குமுன் அதைச் சொல்லுங்கள், சில முடிவுகளை அது குழப்பும்.

நோய் உறுதியானால் பொதுவாகக் குறைந்த அளவு அஸ்பிரினும் ஹெப்பரினும் தருவார்கள். "ஸ்கான் நல்லா இருக்கு, இனி ஏன் வயிற்றில ஊசி?" என்று இடையில் நிறுத்தும் வீடுகள் உண்டு. ஹெப்பரின் இரத்தம் உறைவதைத் தடுப்பதோடு நிற்பதில்லை. 2004இல் எலிகளில் செய்த ஆய்வில் அது கொம்ப்ளிமென்ட்டையும் அடக்கிக் கருவைக் காத்தது. உறைவை மட்டும் தடுத்த வேறு மருந்துகளால் அது முடியவில்லை. ஊசியை எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியர் சொல்லட்டும். மறுபக்கம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சரிவந்தது என்று நீங்களாகவே அஸ்பிரின் வாங்கிப் போடவும் வேண்டாம்.

எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூப்பஸ் நோய் உள்ளவர்களுக்கு இன்னொரு சங்கதி. கர்ப்பத்தில் சி3, சி4 என்ற கொம்ப்ளிமென்ட் புரதங்களின் அளவுகள் இயல்பாகவே ஏறும். ஆகவே ரிப்போர்ட்டில் 'நோர்மல்' என்று இருப்பதே சிலருக்கு நோய் கிளம்புவதைக் காட்டும் இறக்கமாக இருக்கலாம். பழைய ரிப்போர்ட்டுகளையும் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள், ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விளங்கும். லூப்பஸுக்குத் தரும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் குளிசையைப் பிள்ளைக்குக் கூடாதென்று பயந்து நிறுத்துவதும் ஆபத்து. பொதுவாக அதைக் கர்ப்பத்திலும் தொடரவே சொல்வார்கள்.

கடைசியாக, பிரஷர். 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் ஏறி வரும் முன்சூல்வலிப்பு (பிரீஎக்லாம்ப்சியா) நோயிலும் கொம்ப்ளிமென்ட் கட்டுமீறுவதைக் கண்டிருக்கிறார்கள். கால் வீக்கம் பலருக்கும் வரும் என்பது சரி. ஆனால் விடாத தலையிடி, கண் மங்கல், வலப்பக்க மேல்வயிற்று நோ, 140/90 அல்லது அதற்கு மேல் பிரஷர், இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தருக்கு அழைத்துச் சொல்லிவிட்டு, இரவானாலும் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.