தூத்துக்குடிக்கு முதல்முறை போகிறீர்களா? ரெண்டு நாளை இப்படிப் பிரிச்சுக்கோங்க

தூத்துக்குடியைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறோம் என்று அந்த ஊர் ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், "இங்க என்னத்த இருக்குன்னு வந்தீங்க, திருச்செந்தூருக்குப் போற வழியா?" என்றுதான் கேட்பார். ரிசார்ட், மணல்வெளி, அலையில் குதிப்பது என்றெல்லாம் நினைத்துப் போனால் ஏமாற்றம்தான், ஏனென்றால் இது துறைமுகமும் உப்பளமும் மீன்பிடியும் உள்ள வேலைக்கார ஊர். ஆனால் எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் இந்தக் கடற்கரையில் இதைவிட நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக நடந்துவிட்டு வர எனக்கு வேறு ஊர் தெரியாது. அதற்காகத்தான் இந்த வரிசை.

படி 1: எப்போது போவது

வெள்ளிக்கிழமை இரவு கிளம்புங்கள். சனிக்கிழமைதான் மீனுக்கு நல்ல நாள். மறுநாள் ஞாயிறு, பெரும்பாலான மீனவர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதால் முந்தின நாளே நாட்டுப்படகுகள் கரைக்கு வந்துவிடும், திரேஸ்புரம் கரையில் கூட்டம் அள்ளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போதும் நாட்டுப்படகு மீன் கிடைக்கும், விலைதான் ஏறும்.

வெயில் பொறுக்காதவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் போகலாம். நவம்பர், டிசம்பர் மழையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டி, தூத்துக்குடித் தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

படி 2: போய்ச் சேருவது

சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. எழும்பூரில் இரவு ஏழரை வாக்கில் ஏறினால் விடிந்து கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம் (நேரத்தை டிக்கெட் போடும்போது ஒருமுறை சரிபார்த்துக் கொள்ளுங்கள்). விமானம் என்றால் வாகைக்குளத்தில் இறங்கி டாக்ஸி பிடிக்க வேண்டும். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு விஷயம்: ஊரில் ரெண்டு பஸ் ஸ்டாண்ட். வெளியூர் பஸ்கள் பலதும் எட்டயபுரம் ரோட்டில் இருக்கும் புது பஸ் ஸ்டாண்டில் விட்டுவிடும். ரயில்வே ஸ்டேஷன், பழைய பஸ் ஸ்டாண்ட், கடைத்தெரு எல்லாம் ஊருக்குள்ளே, அங்கே போக டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும்.

படி 3: எங்கே தங்குவது

கடலைப் பார்த்த அறை வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். பழைய பஸ் ஸ்டாண்டு, ஸ்டேஷன், வி.இ. ரோடு பக்கம் லாட்ஜ் எடுத்தால் பீச் ரோடும் கடைத்தெருவும் ஆட்டோவுக்கு அதிகம் செலவில்லாத தூரம், இரவு சாப்பிட்டுவிட்டு நடந்தே திரும்பலாம். குடும்பத்தோடு, கார் நிறுத்த இடத்தோடு கொஞ்சம் வசதியாக வேண்டுமென்றால் பாளையங்கோட்டை ரோட்டுப் பக்கம் பாருங்கள். அறையைப் பதிவு செய்யுமுன் போனில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக்குக் காலி செய்யணுமா? காலையில் ரயிலில் வந்து இறங்குகிற ஆளுக்கு இது பெரிய வித்தியாசம்.

ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் முடியும் பனிமய மாதா திருவிழா, திருச்செந்தூர் சூரசம்ஹாரம், குலசேகரன்பட்டினம் தசரா, இந்த மூன்று சமயமும் அறை கிடைப்பது கஷ்டம். கூட்டத்தைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் ரொம்ப முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

படி 4: முதல் நாள் காலை, வெயில் ஏறும் முன்

பையை லாட்ஜில் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு நேராக பீச் ரோடு. பனிமய மாதா பேராலயத்திலிருந்து ஆரம்பியுங்கள். இப்போதிருக்கும் கோயில் 1713-ல் முடிந்தது, 1982-ல் பேராலயம் என்ற தகுதி வந்தது. மாதா சொரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்று சொல்வார்கள். தங்கத்தேர் வருஷா வருஷம் ஓடாது, சிறப்பு ஆண்டுகளில்தான். 2023-ல் ஓடியபோது ஊரே தெருவில் நின்றது.

அங்கிருந்து பழைய துறைமுகம் பக்கம் நடந்தால் தோணிகள் கட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். இன்றைக்கும் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு போகிற மரக்கலங்கள். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதியது இந்தக் கரையில்தான். பெரிய கப்பல்கள் வரும் அவர் பெயரிலான துறைமுகம் தெற்கே தள்ளி இருக்கிறது. திரும்பும் வழியில் கிரேட் காட்டன் ரோட்டில் டச்சுக்காரர்கள் 1750-ல் கட்டிய திரித்துவ ஆலயத்தை ஒரு எட்டுப் பார்த்துவிடலாம். பத்தரை மணிக்கு மேல் வெளியே திரியாதீர்கள், உப்பு விளைகிற வெயில் அது.

படி 5: மதியம்

மீன் சாப்பாடு. பெரிய ஏசி ஹோட்டலைவிட, வாசலில் அன்றைய மீனை எழுதிப் போட்டிருக்கும் சின்ன மெஸ்தான் என் கட்சி. சீலா என்று சொன்னால் அது சென்னையில் நீங்கள் வஞ்சரம் என்று வாங்குவதுதான். வறுவலுக்கு எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள், அதனால் விலையும் அதற்குத்தான் அதிகம். பணம் மிச்சமாக வேண்டும், ருசியும் வேண்டும் என்றால் ஊளி, விளைமீன், பாறை, சாளை இதில் அன்றைக்கு எது நன்றாக வந்திருக்கிறது என்று பரிமாறுகிறவரிடமே கேளுங்கள். எடைக்கு விலை போடும் நண்டு மாதிரி ஐட்டங்களில் விலையை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. சாப்பிட்டாயிற்றா, அறைக்குப் போய்த் தூங்குங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன், இரவுக்குத் தெம்பு வேண்டும்.

படி 6: சாயங்காலமும் ராத்திரியும்

நாலரைக்கு எழுந்து முயல் தீவு, இல்லையென்றால் ரோச் பூங்கா, முத்துநகர் கடற்கரை. முயல் தீவு துறைமுகத்தை ஒட்டியது, ரோடு வழியாகவே போகலாம், ஆனால் திறந்திருக்கிறதா என்று உள்ளூரில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அலை இல்லையே என்று பிள்ளைகள் முணுமுணுக்கும். மன்னார் வளைகுடாவில் வான் தீவு மாதிரிச் சின்னச் சின்னத் தீவுகளும் பவளப்பாறைகளும் முன்னால் கிடக்கின்றன, அலை அங்கேயே உடைந்துவிடுகிறது. அந்தத் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, அங்கே கூட்டிப்போகிறேன் என்று யாராவது படகைக் காட்டினால் ஏறாதீர்கள்.

அப்புறம் நைட் கிளப். தூத்துக்குடியில் நைட் கிளப் என்றால் புரோட்டா கடை, சாயங்காலம் கல் சூடேறினால்தான் திறக்கும். பாட்டு, ஆட்டம் எதுவும் கிடையாது, கொத்துகிற சத்தம் மட்டும்தான். முதல்முறை போகிறவர் செய்ய வேண்டியது: பொரிச்ச புரோட்டா சொல்லுங்கள், ரெண்டு ரெண்டாகத்தான். இலையில் வந்ததும் கையால் நொறுக்கிப் போட்டு, அதன்மேல் சால்னாவை நனைய ஊற்றி, உடனே சாப்பிட வேண்டும். படம் எடுத்துக்கொண்டிருந்தால் மொறுமொறுப்பு போய்விடும். தொட்டுக்கொள்ளச் சுக்காவோ காடையோ நாட்டுக்கோழியோ வாங்கலாம், ஆனால் சால்னா நன்றாக இருக்கிற கடையில் அதெல்லாம் தேவையே இல்லை என்பது என் கருத்து. பிரபலக் கடையில் இடம் இல்லையென்றால் காத்துக் கிடக்காமல் அடுத்த தெருக் கடைக்குப் போங்கள், சுமாரான புரோட்டா இந்த ஊரில் விற்று வாழ முடியாது.

படி 7: ரெண்டாம் நாள்

காலையிலேயே திருச்செந்தூர் ரோட்டைப் பிடியுங்கள், சுமார் 40 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு. முத்தையாபுரம் தாண்டும்போது ஜன்னலோரம் இருந்தால் உப்பளங்கள் தெரியும். கோடையில் வெள்ளைக் குவியல்கள் கண்ணைக் கூசும், ஐப்பசி கார்த்திகையில் வெறும் தண்ணீர்தான். வழியில் ஆத்தூர் வருகிறது, அங்கே வெற்றிலை. திருச்செந்தூரில் தரிசனம் முடித்துக் கடலில் குளிக்கலாம். கோயில், கூட்டம் வேண்டாதவர்கள் இன்னும் தெற்கே மணப்பாடு போங்கள். மணல் மேட்டில் திருச்சிலுவை ஆலயம், கீழே 1542-ல் புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, நல்ல அலை. நேரம் மிச்சமிருந்தால் உடன்குடியில் கருப்பட்டி.

ரெண்டையும் ஒரே நாளில் அவசரமாகப் பார்ப்பதைவிட ஒன்றை நிதானமாகப் பாருங்கள், நாலு மணிக்குள் ஊர் திரும்ப வேண்டும்.

படி 8: வாங்கிக்கொண்டு ஏறுவது

மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான் சேர்மானம், கூம்பு வடிவத்தில் வெள்ளையாக இருக்கும். ஞானம், தனலட்சுமி என்று பழைய பேக்கரிகள் நிறைய, எதில் வாங்கினாலும் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வெளியே மொறுமொறுப்பும் நடுவில் லேசான பிசுபிசுப்பும் இருந்தால் சரி. ஈரக்காற்று பட்டால் நமத்துவிடும், அதனால் மூடி இறுக்கமான டப்பா ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். பைக்குள் மேலாக வையுங்கள், லேசாக அழுத்தினாலே தூள்.

திரும்புகிற முத்துநகர் இரவு எட்டு மணிக்கு மேல்தான், ஆகவே ராத்திரிச் சாப்பாட்டையும் கடையில் கட்டி வாங்கிவிடலாம். சால்னாவைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். ஊற்றிக் கட்டினால் ரயில் வாஞ்சி மணியாச்சி தொடுவதற்குள் புரோட்டா கூழாகிவிடும்.