பினாங்குப் பாறைக் கரையில் உயிர்களைக் கணக்கெடுப்பது எப்படி

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கடல் சரணாலயங்களில் முக்குளிப்பவர்கள் பாறை மேல் 50 மீட்டர் டேப்பை விரித்து, அதையொட்டி 1 மீட்டர் அகலத்துக்குள் தென்படும் நத்தை, அபலோன், கடல் முள்ளெலி, நட்சத்திர மீன் எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள். நம்மூர்க் கலங்கல் தண்ணீரில் அது நடக்காது. அதனால் தண்ணீர் வற்றும்போது வெளியே தெரியும் பாறைகளில் செய்வோம், தெலோக் பகாங், பத்து பெரிங்கி பக்கம் இருக்கவே இருக்கிறது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில்தான் கடல் நன்றாக வற்றும். நாளுக்கு வீட்டுக் காலண்டர் போதும், நேரத்துக்குப் பினாங்கு அலை அட்டவணையைப் பாருங்கள். அடிமட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.

ஹார்ட்வேர் கடையில் பிவிசி குழாய் வாங்கி 50 சென்டிமீட்டர் சதுரச் சட்டம் செய்யுங்கள். குறுக்கே 7, நெடுக்கே 7 கயிறு கட்டினால் 49 சந்திப்புகள், சட்டத்தின் ஒரு மூலையையும் சேர்த்தால் 50 புள்ளிகள். பாறை மேல் டேப்பை விரித்து, அதையொட்டிச் சட்டத்தை வையுங்கள். கொட்டலசும் (பாறையில் ஒட்டி வாழும் ஓடுள்ள சிற்றுயிர், barnacle) சிப்பியும் அப்பிக் கிடக்கும் இடத்தில் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தால் தண்ணீர் திரும்பிவிடும், ஆகவே எத்தனை புள்ளிக்குக் கீழே அவை இருக்கின்றன என்று மட்டும் பார்த்து இரண்டால் பெருக்குங்கள், சதவீதம் வந்துவிடும். நகரும் நத்தை, நண்டை மட்டும் தலை எண்ணுங்கள். சட்டத்தின் விளிம்பில் இருப்பதை எந்த இரண்டு பக்கம் சேர்ப்பது, எந்த இரண்டை விடுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் பாறை மேலேயே பஞ்சாயத்துதான்.

டேப் போட்ட கோட்டை ஜிபிஎஸ், புகைப்படம் இரண்டிலும் பதிந்து, ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் போடுங்கள். உயிர்கள் நிறைய இருக்கும் இடமாகத் தேடிப் போனால் கணக்கு கெட்டது.

அப்புறம், எண்ண வேண்டிய உயிர்களை முதலிலேயே தாளில் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள், அதில் உள்ள உயிர் இல்லையென்றால் 0 என்று எழுதுங்கள். காலியாக விட்டால் இல்லையா, யாரும் பார்க்கவே இல்லையா என்று பின்னால் யாருக்கும் புரியாது. கடல் சூடேறியதோடு நீள்முள் கடல் முள்ளெலி ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்து டாஸ்மானியாவுக்கு இறங்கி கெல்ப் என்ற பெரிய கடற்பாசிக் காடுகளை மொட்டையடித்தது. அப்படி ஒரு புது வரவு நம் கரைக்கு எப்போது வந்தது என்று சொல்ல, பழைய தாளில் அந்த 0 இருந்தாக வேண்டும்.

பெயர் தெரியாததை ஊகிக்காமல் படம் எடுத்து ஒரு தற்காலிகப் பெயர் வையுங்கள். புரட்டிய கல்லை அதே பக்கமாகத் திருப்பி வையுங்கள், அடியில் இருப்பவை வெயிலில் செத்துவிடும். கூம்பு வடிவ நத்தையைத் தொடவே வேண்டாம், சிலவற்றின் கொட்டு ஆளையே கொல்லும். தேசியப் பூங்காவுக்குள் என்றால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், எதையும் எடுத்து வராதீர்கள்.

தாளில் தேதி, நேரம், எண்ணியவர் பெயர் கட்டாயம். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கரைந்துவிடும்.